கடைசி நேரத் திருத்தம்

சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் பிழைப்பு. இந்த வேலையில் இன்றுவரை எனக்குப் பழகாத ஒன்று கடைசி நேரத் திருத்தம். ஃபைல் அச்சுக்குப் போகிற சாயங்காலம் பார்த்து அனுபவசாலி யாராவது பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போடுவார். “எல்லாம் பிரமாதம்மா, இந்த நிழலை மட்டும் லேசா...” என்று மவுஸை வாங்கிக்கொள்வார். அவ்வளவுதான்.

அதனால்தான் பிரெஞ்சு ஓவியர் பெர்த் மொரிசோ என்றதும் எனக்கு 1870தான் ஞாபகம் வரும். நடுவர்கள் படங்களைத் தேர்ந்தெடுக்கும் பாரிசின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனுக்காகத் தன் அம்மாவையும் அக்கா எட்மாவையும் வரைந்திருந்தார். படத்தை அனுப்ப வேண்டிய நேரத்தில் ஓவியர் எதுவார் மானே பார்க்க வந்தார். நன்றாக இருக்கிறது, பாவாடையின் கீழ்ப்பகுதிதான் சரியில்லை என்று தூரிகையை எடுத்தார். முதலில் வைத்த சில தீற்றல்கள் நன்றாகவே இருந்தன. அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. பாவாடையிலிருந்து மேல்சட்டை, அங்கிருந்து முகம், அப்புறம் பின்னணி. ஜோக் அடித்துச் சிரித்தபடி அவர் பாட்டுக்குத் தீட்டிக்கொண்டே போனார். மாலை 5 மணிக்குப் படம் கேலிச்சித்திரமாகிவிட்டது என்று மொரிசோ அக்காவுக்கு எழுதினார். வண்டிக்காரர் காத்திருந்தார், படத்தை ஏற்ற வைத்துவிட்டார் மானே. சலோன் அதை ஏற்றுக்கொண்டது வேறு கதை. ஏற்றுக்கொள்ளாமல் இருந்தால் தேவலை என்றுதான் வரைந்தவர் நினைத்தார்.

மானே மேல் அவருக்கிருந்த மதிப்பு குறையவில்லை. ஆனால் 1874இல் மோனே, தெகா, ரெனுவார் முதலிய ஓவியர்கள் சேர்ந்து சலோனுக்கு வெளியே தனியாகக் கண்காட்சி வைத்தபோது மானே ஒதுங்கிக்கொண்டார், மொரிசோ போனார். அங்கே வைத்த ‘தொட்டில்’ படத்தில், மெல்லிய வலைத்துணிக்குப் பின்னால் தூங்கும் குழந்தையைக் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர் எட்மா. தங்கையோடு சேர்ந்து பல வருடம் வரைந்தவர்; 1869இல் கல்யாணமானதும் தூரிகையை வைத்துவிட்டார். கூட வேலை பார்த்தவரை வரைந்த படம் என்று தெரிந்தபின், அந்த முகத்தில் எனக்குத் தெரிவது தாய்மை மட்டுமல்ல.

இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று பெயர்பெற்ற அந்தக் குழுவின் 8 கண்காட்சிகளில் 7இல் மொரிசோ பங்கெடுத்தார். விட்டது 1879 மட்டும்; முந்தைய நவம்பரில் மகள் ஜூலி பிறந்திருந்தாள். பிரசவ விடுப்பு என்றுதான் நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

1874 கடைசியில் அவர் மணந்தது மானேயின் தம்பி யூஜினை. அவரும் படம் வரையத் தெரிந்தவர்தான். 1882 கண்காட்சியின்போது மொரிசோ மகளோடு நீஸ் நகரில் இருந்தார். பாரிசில் மனைவியின் படங்களை மாட்டும் வேலையை யூஜின்தான் ஓடியாடிப் பார்த்துக்கொண்டார். அண்ணனைப் போல எதையும் திருத்தவில்லை.