பழைய எம்ஜிபி காரில் ஹீட்டர் கோளாறு: சூடு எந்த வழியாக வருகிறது?

சென்னையில் எம்ஜிபி (எம்ஜி கம்பெனியின் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஓட்டுபவருக்கு ஹீட்டர் வேலை செய்யாதது ஒரு கவலையே இல்லை. மே மாதம், மவுண்ட் ரோடு சிக்னல், ஹீட்டர் நாப் ‘கோல்டு’ பக்கம்தான் இருக்கிறது. ஆனாலும் முழங்காலில் அனல் அடிக்கிறது. இதுதான் இங்கே பிரச்சினை. உடனே ஹீட்டரைக் கழற்றி ஹோஸை அடைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். எம்ஜிபியில் ஹீட்டர் பெட்டியைக் கழற்றுவது அரை நாளை விழுங்கும் வேலை. அதனால் பானெட்டுக்குள் கை வைக்கும் முன், சூடு தண்ணீர் வழியாக வருகிறதா, காற்று வழியாக வருகிறதா, எக்ஸாஸ்ட்டிலிருந்து வருகிறதா என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும். கீழே சொல்வது குரோம் பம்பர் வண்டிகளுக்குப் பொருந்தும். 1974 கடைசிக்குப் பிறகு வந்த ரப்பர் பம்பர் வண்டிகளில், அதிலும் டேஷ்போர்டு மாறிய பிறகு வந்தவற்றில், கன்ட்ரோல்கள் வேறு மாதிரி இருக்கும்.

முதலில் தண்ணீர்ப் பக்கம். சிலிண்டர் ஹெட்டின் பின்கோடியில், வலது பக்கம், இரண்டு ஸ்டட்டில் (திருகுக் கம்பி) ஒரு வால்வு உட்கார்ந்திருக்கும். சுடுதண்ணீர் அங்கிருந்து கிளம்பி ஹீட்டர் கோருக்குள் (காற்றைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர்) போய், திரும்பி ராக்கர் கவரை (இன்ஜினின் மேல் மூடி) ஒட்டிய பைப் வழியாக முன்னால் வந்து ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் சேரும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு நாப்பை ‘கோல்டு’க்குத் திருப்பி, பத்து நிமிடம் கழித்து வால்வுக்குப் பிந்தைய ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் வால்வு மூடவில்லை. பாதி நேரம் வால்வே கெட்டிருக்காது, கேபிள்தான் தளர்ந்திருக்கும். கேபிளின் வெளியுறையைப் பிடிக்கும் கிளிப்பைத் தளர்த்தி, வால்வு நெம்பை விரலால் கடைசிவரை மூடி, டேஷ்போர்டு நாப்பையும் ‘கோல்டு’ கோடியில் வைத்து, பிறகு கிளிப்பை இறுக்குங்கள். இந்த ஐந்து நிமிட வேலையிலேயே சில வண்டிகள் சரியாகிவிடும்.

அப்படியும் சூடு குறையாவிட்டால் ஹோஸை மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து கிளாம்ப் போட்டு நசுக்குங்கள். வெறும் கிரிப் பிளையரால் பிடித்தால் பழைய ரப்பர் வெடித்துவிடும். அப்படியே ஓ.எம்.ஆரில் கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அனல் நின்றுவிட்டால் வால்வை மாற்ற வேண்டியதுதான். நிற்கவில்லை என்றால் ஹீட்டர் நிரபராதி. அதைத் தொடவே வேண்டாம்.

புது வால்வு வாங்கினால், மாட்டும் முன் மூடிய நிலையில் வாயால் ஊதிப் பார்ப்பது நல்லது. இப்போது வரும் நகல் வால்வுகளில் சில, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஒழுகும். பழைய பேக்கிங்கை முழுக்கச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். நம் ஊருக்கு என் யோசனை, வால்வுக்கு அடுத்த ஹோஸில் அரை அங்குல பித்தளை பால் வால்வு ஒன்றை இரண்டு ஹோஸ் நிப்பிளோடு சேர்த்துவிடுவது. பிளம்பிங் கடையிலேயே கிடைக்கும். கோடை முழுக்க மூடி வைத்துவிட்டு, ஏற்காடோ கொடைக்கானலோ போகும்போது திறந்துகொள்ளலாம். ஒரிஜினல் அமைப்பை விடமாட்டேன் என்பவர்களுக்கு இது பிடிக்காது, பரவாயில்லை.

ஹீட்டர் நிரபராதி என்று தெரிந்த பிறகு தேட வேண்டியது ஓட்டைகளை. கியர் லீவரின் ரப்பர் உறையில் விரல் நுழையும் அளவு கிழிசல் இருந்தாலே கியர்பாக்ஸ் டனலின் அனல் முழுக்க உள்ளே ஏறும். பெடல் பாக்ஸின் அடி பேக்கிங், ஸ்டியரிங் காலம் நுழையும் இடம், சோக் கேபிளும் வயரிங்கும் நுழையும் ரப்பர் வளையங்கள் (குரோமெட்) எல்லாவற்றையும் இருட்டில் பாருங்கள். பானெட்டுக்குள் ஒரு எல்.இ.டி. விளக்கைப் போட்டுவிட்டு உள்ளேயிருந்து பார்த்தால், வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் அனல் வரும் வழி. இடது பக்கக் கால்வைக்கும் இடம் மட்டும் கொதித்தால் எக்ஸாஸ்ட்டைச் சந்தேகப்படுங்கள். இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் மேனிஃபோல்டும் இடது பக்கம்தான்.

இனி ப்ளோயர், அதாவது ஹீட்டரின் காற்று விசிறி. அது சுற்றவில்லை என்றால் முதலில் பியூஸ். இந்த வண்டியின் லூகாஸ் கம்பெனி வயரிங்கில் பச்சை வயர் என்றால், இக்னிஷன் போட்ட பிறகு பியூஸ் வழியாக வரும் கரென்ட். கறுப்பு என்றால் எர்த். பியூஸ் நன்றாக இருந்தும் அதன் பிடிப்பான் பச்சை பூத்திருக்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் நிற்கும் வண்டிகளில் இது சர்வ சாதாரணம், உப்புக்காற்று சும்மா விடாது. அடுத்து மல்டிமீட்டர். ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். சுவிட்சைப் போட்டு மோட்டார் முனையில் அளந்து பாருங்கள். பேட்டரி வோல்ட்டைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் இழப்பு சுவிட்சிலோ இணைப்பிலோ இருக்கிறது. எர்த் வயருக்கும் பாடிக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் முனையைச் சுரண்டி இறுக்குங்கள். பேட்டரியிலிருந்து நேரடி வயர் கொடுத்தும் சுற்றாவிட்டால்தான் மோட்டாரைக் குறை சொல்லலாம். 1968 மாடலுக்கு முந்தைய வண்டிகள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். நெகட்டிவுக்கு மாற்றும்போது நிலைக்காந்த மோட்டாரின் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுக்காமல் விட்டால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். சத்தம் வரும், காற்று சரியாக வராது.

மோட்டார் நன்றாகச் சுற்றியும் காற்று வராவிட்டால் குப்பை. விண்ட்ஷீல்டுக்கு முன்னால் உள்ள கிரில் வழியாகத்தான் காற்று உள்ளே போகிறது. தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தும் வண்டியில் அந்தப் பொடி இலைகள் கிரில் வழியே விழுந்து கீழே சேறாகப் படிந்துவிடும். அங்கே ஒரு வடிகால் ரப்பர் குழாய் கீழே இறங்குகிறது. அது அடைத்தால் மழைத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் கால்வைக்கும் இடத்தில் வழியும். கார்ப்பெட் நனைந்திருப்பது மழையாலா கூலண்ட்டாலா என்று தெரிய, வெள்ளை டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். வழுவழுப்பும் நிறமும் இருந்து, கண்ணாடியில் எண்ணெய்ப் பூச்சு போல ஆவி படிந்து, இனிப்பு வாடையும் அடித்தால் கோர் ஒழுகுகிறது. வெறும் தண்ணீர் என்றால் வடிகால். அக்டோபரில் மழை தொடங்கும் முன் அந்தக் குழாயின் அடிவாயைப் பிதுக்கி, மேலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிச் சரிபார்த்துவிடுங்கள்.

கோர் ஒழுகினால் பெட்டியைக் கழற்றியே ஆக வேண்டும். கூலண்ட்டை வடித்து, ஹோஸ், கேபிள், வயர்களை எடுத்து, உள்ளே கண்ணாடிக்குக் காற்று போகும் குழாய்களை முதலில் உருவிவிடுங்கள்; அதை மறந்துவிட்டுப் பெட்டியை இழுத்தால் குழாய் கிழியும். பானெட்டைக் கழற்றி வைத்தால் வேலை சுலபம். உள்ளே கோரைச் சுற்றியிருக்கும் ஃபோம் தொட்டாலே பொடியாகும். மெத்தை ஸ்பாஞ்ச் வைக்காதீர்கள், அது தண்ணீரை உறிஞ்சிப் பெட்டியைத் துருப்பிடிக்க வைக்கும். தண்ணீர் ஏறாத ரப்பர் ஃபோம் பட்டைதான் சரி. ஃபோம் இல்லாமல் மாட்டினால் காற்று கோருக்குள் போகாமல் ஓரமாக நழுவிவிடும்.

ஒழுகாமல் அடைத்த கோர் என்றால், அடையாளம் சுலபம்: வால்வு திறந்திருக்கும், உள்ளே போகும் ஹோஸ் கொதிக்கும், திரும்பும் ஹோஸ் வெதுவெதுப்பாக இருக்கும். ஏர் லாக் (குழாயில் காற்று சிக்கிக்கொள்வது) இல்லை என்று உறுதியானால் பெரும்பாலும் போர் தண்ணீர் செய்த வேலைதான். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் இது வரக்கூடியதுதான். லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரை அரை மணி நேரம் நிறுத்தி, எதிர்த் திசையில் மெதுவாக அலசி, ஆப்ப சோடா கரைசலால் ஒருமுறை கழுவுங்கள். பிறகு ரேடியேட்டர் கடையில் தொட்டிக்குள் முக்கி, ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்குச் சற்றே மேல் காற்று ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்ரஸர் குழாயை நேராகக் கொடுத்தால் பழைய கோர் பிளந்துவிடும்.

நிரப்பும்போது டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும்தான். முன் சக்கரங்களை ராம்ப்பில் ஏற்றி, ஹீட்டர் வால்வைத் திறந்து, ஹீட்டரின் மேல் ஹோஸ் கிளிப்பைத் தளர்த்தி, குமிழி நின்று தண்ணீர் வரும்வரை ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றி எறியச் சொல்லும் மெக்கானிக் இன்றும் இருக்கிறார். நம் வெயிலுக்கு 74 டிகிரி தெர்மோஸ்டாட் போதும். அதுவும் இல்லாவிட்டால் காலி ரோட்டில் இன்ஜின் சூடேறாமல் பெட்ரோலைக் குடிக்கும். இந்த 1798 சிசி இன்ஜினும் அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம் என்பதால், அம்பாசடர் பார்த்த கை புதுப்பேட்டையில் கிடைத்தால் விடாதீர்கள்.

நவம்பர் மழையில் ஹூட் (துணிக் கூரை) மூடி ஓட்டும்போது கண்ணாடி மூடுபனி போட்டால், ஹீட்டரைக் கால்வாசி திறந்து, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, ப்ளோயரைப் போட்டு, ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கிவிடுங்கள். கண்ணாடி சற்றுச் சூடானாலே ஈரம் படியாது. பின்னாளில் ஏ.சி. பொருத்திய வண்டியில் ஈரம் பெரும்பாலும் வெளிப்பக்கம் படியும். அதற்கு ஹீட்டர் வேண்டாம், குளிரைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிட்டு வைப்பரைப் போட்டால் போதும்.