பகுபத உறுப்பிலக்கணத்தோடு ஓர் ஆங்கில வகுப்பு

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் பல வீடுகளில் இன்னும் தறி ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்த ஓசை சற்று அடங்கியிருக்கும் நேரத்தில், ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் படிக்கும் எட்டுப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். நான் ஆசிரியன் அல்லன்; வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். அதனால்தானோ என்னவோ, பள்ளிகள் சொற்களைக் கற்றுக்கொடுக்கும் முறையில் எனக்கு ஏற்பட்ட மனக்குறையை இங்கே எழுதத் துணிகிறேன்.

ஒரு மாணவி தன் பள்ளியில் கொடுத்த சொற்பட்டியலைக் கொண்டுவந்தாள். நாளொன்றுக்கு இருபது சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு தமிழ்ப்பொருள். 'லொக்வேஷியஸ்' என்றால் வாயாடி என்று தடுமாறாமல் சொன்னாள். அதே மாணவி அன்று எழுதிய கதையில், பேனாவை எடுக்கவில்லை என்று ஒருவன் மறுத்ததைச் சொல்லவந்த இடத்தில் 'ரெஃப்யூஸ்' என்று எழுதியிருந்தாள். தவறு அவளுடையதன்று. 'வர மறுத்தான்', 'குற்றத்தை மறுத்தான்', 'அந்த வாதத்தை மறுத்தான்' என்று மூன்று இடங்களிலும் தமிழில் ஒரே வினை இயல்பாக நின்றுவிடுகிறது. ஆங்கிலமோ முதலாவதற்கு ரெஃப்யூஸ், இரண்டாவதற்கு டினை, மூன்றாவதற்கு ரெஃப்யூட் என்று மூன்று சொற்களைக் கேட்கிறது. பட்டியலில் இம்மூன்றுக்கும் எதிரே 'மறு' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் பிள்ளை என்ன செய்யும்? 'கேள்' என்பதும் அப்படித்தான்: ஆஸ்க், ஹியர், லிசன் மூன்றும் அதற்குள் அடங்கிக் கிடக்கின்றன.

உயர்நிலைச் சொல் என்றவுடன் வாயில் நுழையாத சொல் என்று பெற்றோர்களும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பிள்ளைகளிடம் இல்லாதது நடுத்தட்டுச் சொற்கள். நியூசிலாந்து மொழியியலாளர் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்களே (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைப்பவையும் சேர்ந்தது ஒரு குடும்பம்) உள்ளன. ஆங்கிலக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட் 1953இல் தொகுத்த ஏறத்தாழ 2000 அடிப்படைச் சொற்களை விலக்கிவிட்டு, பல துறை நூல்களிலும் திரும்பத் திரும்ப வருபவற்றை மட்டும் காக்ஸ்ஹெட் எடுத்துக்கொண்டார். எவிடன்ட், சஸ்டெய்ன், ரெலக்டன்ட், இன்டர்ப்ரெட், ப்ரெடிக்ட் போன்றவை அதில் இருக்கின்றன. அறிவியல் பாடத்திலும் வரலாற்றுப் பாடத்திலும் நாளிதழிலும் எதிர்ப்படுகிற இவற்றை விட்டுவிட்டு லொக்வேஷியஸைத் துரத்துவது, அரிசி இல்லாத வீட்டில் குங்குமப்பூ வாங்கிவைப்பதைப் போன்றது.

இவற்றைக் கற்றுக்கொடுக்கும் வழி எனக்கு ஆங்கிலப் புத்தகத்திலிருந்து கிடைக்கவில்லை; பிள்ளைகளின் தமிழ்க் குறிப்பேட்டிலிருந்து கிடைத்தது. 'படித்தனர்' என்பதை படி + த் + த் + அன் + அர் என்று பிரித்து, படி பகுதி, முதல் த் சந்தி, அடுத்த த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, அர் பலர்பால் வினைமுற்று விகுதி என்று மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துகொண்டிருந்த பையனிடம், இதே கத்தியை 'அன்ப்ரெடிக்டபிள்' மேல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அன் என்பது எதிர்மறை. ப்ரி என்பது முன். டிக்ட் என்பது சொல்லுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் பகுதி. அபிள் என்பது இயலும் என்னும் விகுதி. முன்கூட்டிச் சொல்ல இயலாதது என்று பொருள் தானாகவே விழுந்தது. அதே டிக்ட் 'கான்ட்ரடிக்ட்' என்பதில் எதிர்த்துச் சொல்லுதலாகவும், 'டிக்டேட்' என்பதில் சொல்லி எழுதவைப்பதாகவும் நிற்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். தமிழில் பகுதி முன்னே நிற்க மற்றவை பின்னே ஒட்டும். ஆங்கிலத்தில் பகுதிக்கு முன்னாலும் ஒட்டுகள் வந்து சேரும் என்ற வேறுபாட்டை மட்டும் நான் சொல்லவேண்டியிருந்தது. சொல்லை இப்படி உறுப்புகளாகப் பிரிக்கும் பகுபத உறுப்பிலக்கணம் வாழ்க்கையில் எதற்கு உதவும் என்று கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பையன் அதன் பிறகு அப்படிக் கேட்கவில்லை.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே அமைந்தது போன்ற ஒரு பகுதியும் உண்டு. இலத்தீனில் 'டெக்ஸேரே' என்றால் நெய்தல். டெக்ஸ்டைல் அதிலிருந்து வந்தது என்றால் யாரும் வியப்பதில்லை. பாடநூலைக் குறிக்கும் 'டெக்ஸ்ட்' என்ற சொல்லும் அதிலிருந்தே வந்தது என்றபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நமக்கும் நூல் என்பது தறியில் ஓடுவதும் கையில் விரிப்பதும்தானே! சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் வைத்து நூலுக்குப் பெயர்க்காரணம் சொல்கிறது நன்னூல். 'கான்டெக்ஸ்ட்' என்பது கூட்டி நெய்தது. அதனால்தான் ஒரு சொல்லின் பொருளை அதற்கு முன்னும் பின்னும் ஓடும் இழைகளைப் பார்த்து அறிகிறோம். 'ப்ரீடெக்ஸ்ட்' என்பது முன்னால் நெய்து தொங்கவிட்ட திரை. உள்ளே இருக்கும் காரணத்தை மறைக்கச் சொல்லும் சாக்கு. பாவும் ஊடையும் தெரிந்த பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கவேண்டிய தேவையே ஏற்படவில்லை.

இந்த முறை எல்லா இடத்திலும் செல்லாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கொண்டலாம்பட்டி புறவழிச்சாலையில் போன டேங்கர் லாரியில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருந்ததைப் பார்த்த ஒருவன், 'இன்' எதிர்மறை, ஆகவே அது தீப்பற்றாத சரக்கு என்று மறுவாரம் பெருமையோடு விளக்கினான். அங்கே 'இன்' எதிர்மறை அன்று. தீ மூட்டுவதைக் குறிக்கும் இலத்தீன் வினையோடு பிறந்தது. எளிதில் தீப்பற்றும் என்பதே பொருள். இன்னொருவன் 'கார்பெட்' என்பதைக் கார், பெட் என்று பிரித்து எல்லோரையும் சிரிக்கவைத்தான். பிரித்தால் பொருள் தராத பகாப்பதம் என்றும் ஒன்று உண்டு என்பதையும், பிரித்த பின் அகராதியைத் திறந்து சரிபார்க்க வேண்டும் என்பதையும் அன்றைக்கே பேசி முடித்தோம்.

வாரத்துக்கு ஐந்து சொற்களுக்கு மேல் நான் கொடுப்பதில்லை. படித்தது எவ்வளவு விரைவாக நழுவிப்போகிறது என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தம்மையே சோதித்துப் பார்த்து 1885இல் எழுதிவிட்டார். நழுவுவதற்கு முன் இடைவெளி விட்டு மீண்டும் சந்திப்பது ஒன்றுதான் வழி. அதற்காக வேட்டி வைக்கும் அட்டைப்பெட்டி ஒன்றை மூன்று அறைகளாகத் தடுத்திருக்கிறோம். ஒவ்வொரு சொல்லும் ஒரு சீட்டில் இருக்கும். சீட்டின் பின்புறம் பொருளுக்குப் பதில் பிள்ளை சொந்தமாக எழுதிய வாக்கியம் இருக்கும். சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறை வாரந்தோறும், இரண்டாவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்றாவது மாதத்துக்கு ஒருமுறை திறக்கப்படும்.

சென்ற வாரம் மூன்றாவது அறையைத் திறந்தோம். ப்ரீடெக்ஸ்ட் சீட்டின் பின்புறம் அந்த லொக்வேஷியஸ் மாணவி ஆங்கிலத்தில் எழுதியிருந்தது இதுதான்: 'மின்தடை என்பது என் தம்பி வீட்டுப்பாடம் எழுத மறுப்பதற்குச் சொன்ன ப்ரீடெக்ஸ்ட், அப்படிச் சொல்லவே இல்லை என்று இப்போது மறுக்கிறான்.' முதல் மறுப்புக்கு ரெஃப்யூஸும் இரண்டாவதற்கு டினையும் போட்டிருந்தாள். தம்பியும் அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தான்.