பச்சைப் போர்வைக்குக் கீழே

மகாளய பட்சம் வந்தால் ரங்கூனில் எங்கள் வீட்டில் இரண்டு இடத்துக்குப் போக வேண்டும். காலையில் அனோரதா வீதிக் காளி கோயில். அதே பட்சத்து வியாழக்கிழமை சாயங்காலம், ஷ்வேடகோன் பகோடா பக்கத்தில் இருக்கிற, கடைசி முகலாய பாதுஷா பகதூர் ஷாவின் தர்கா. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், "பித்ரு காரியத்துக்கு தர்காவா?" என்று கேட்பார்கள். அப்பத்தா வைத்த வழக்கம் இது. விட எனக்கு மனசு வராது.

அப்பத்தாவின் கொழுந்தனார், எங்கள் சின்னத் தாத்தா, 1943-இல் நேதாஜி படையில் சேர்ந்தார். மறு வருஷம் இம்பால் பக்கம் போனவர் திரும்பவில்லை. உடம்பும் வரவில்லை, ஒரு கடுதாசியும் வரவில்லை. செத்த திதி தெரியாதவர்களுக்கு மகாளயம்தானே. அது சரி, தர்கா எதற்கு? அந்த 1943-இல்தான் நேதாஜி தம் படையை இந்தச் சமாதி முன்னால் நிறுத்தி மரியாதை செய்தார். சின்னத் தாத்தாவும் அந்த வரிசையில் நின்றாராம். "பொதைச்ச எடமே தெரியாமப் போன ராஜா இவரு. நம்ம புள்ளைக்கும் இவருதான் தொணை" என்பார் அப்பத்தா.

அவர் சொன்னது அப்படியே நடந்த கதை. 1857-க்குப் பிறகு டெல்லியிலிருந்து இங்கே கொண்டுவந்து அடைத்த பாதுஷா, 1862 நவம்பர் 7, வெள்ளிக்கிழமை விடியற்காலையில் இறந்தார். வயது 87. அன்று சாயங்காலமே காவல் வளாகத்துக்குப் பின்னால் புதைத்து, மேலே புல் கரணை பதித்து, தள்ளி ஒரு மூங்கில் வேலி போட்டார்கள். வேலி இற்றுப்போவதற்குள் புல் மூடிவிடும், இடத்தை அடையாளம் காட்ட எதுவும் மிஞ்சாது என்று காவல் அதிகாரி டேவிஸ் எழுதியே வைத்தார். செத்த கிழவரைக் கண்டு அவ்வளவு பயம். எங்கள் பர்மாவின் திபா மன்னரை 1885-இல் இந்தியாவுக்குக் கொண்டுபோனார்கள். 1916-இல் ரத்னகிரியிலேயே அவர் கண்ணை மூடினார். கண்டியின் கடைசி ராஜாவுக்கும் இதே கதிதான், 1832-இல் வேலூரில். அவரவர் மண்ணில் சமாதி இருந்தால் சனங்கள் அங்கே கூடிவிடுவார்கள் என்று தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்.

போன வருஷம் ரங்கூனுக்கு வடக்கே, பிரிட்டிஷ் தரப்பில் போரிட்டு இறந்தவர்களுக்கான தௌக்யான் யுத்தக் கல்லறைக்கும் போய் வந்தேன். 6,374 கல்லறைகள். ஒரு புல்கூட அளவு தப்பி வளரவில்லை. உடம்பு கிடைக்காத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களைத் தூண்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் இந்தியப் பெயர்கள் ஏராளம். அவர்களும் யாரோ ஓர் அம்மா பெற்ற பிள்ளைகள், அவர்களையும் கும்பிட்டேன். ஆனால் சின்னத் தாத்தா நின்றது எதிர்ப்பக்கம். அவருக்கு அங்கே இடமில்லை. சிங்கப்பூரில் நேதாஜி படைக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தை, 1945-இல் பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்ததுமே இடித்துப் போட்டார்கள். தன் பிள்ளைகளின் பெயரை இத்தனை அக்கறையாகக் காத்தவர்களுக்கு, எதிராளி வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு கல் வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை?

எங்கள் பக்கத்து வீட்டு ராத்தாவோடு தர்காவுக்குப் போனேன். மேல் தளத்தில் பாதுஷா, பேகம் ஜீனத் மஹல், பேத்தி, மூன்று பேரின் சமாதிகள். பாதுஷாவின் உண்மையான கபர் கீழே இருக்கிறது. 1991-இல் கட்டட வேலைக்கு மண் தோண்டியபோதுதான் அந்தச் செங்கல் குழி வெளிப்பட்டது. அதுவரை கிட்டத்தட்ட 130 வருஷம், சரியான இடம் தெரியாமலே சனங்கள் வந்து ஓதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

படியிறங்கினால் சட்டென்று குளிர்ச்சி. பச்சைப் பட்டுப் போர்வை, அதன்மேல் வாடத் தொடங்கிய ரோஜா இதழ்கள், அத்தர் வாசம். கன்னத்தில் தனக்கா என்கிற மரப்பட்டைக் குழம்பு பூசிய ஒரு பர்மியப் பெண் போர்வை ஓரத்தில் குழந்தையின் நெற்றியை வைத்து எடுத்தாள். நான் கொண்டுபோன மல்லிகைச் சரத்தை வைத்தேன். சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து, பாத்திஹா ஓதும் பெரியவரிடம் நீட்டினேன்.

"யார் பேருக்கு?" என்று பர்மிய மொழியில் கேட்டார். சின்னத் தாத்தா பெயர், அவர் அப்பா பெயர், சிவகங்கைப் பக்கத்து எங்கள் ஊர்ப் பெயர் எல்லாம் சொன்னேன். வருஷத்துக்கு ஒருமுறைதான் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்கிறோம். பெரியவருக்கு 'ழ' வரவில்லை. ராத்தா திருத்திச் சொல்ல, இரண்டு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக் கையேந்தினார்.