லாஸ்ட் நேம் கட்டாயம்

பெங்களூரு, 2024

ஜூன் 3

காலையில் வந்ததும் சப்போர்ட் டீமிடமிருந்து ஒரு டிக்கெட். சேலத்துக்காரர் ஒருவர் எங்கள் ஆப்பில் கணக்கு தொடங்கப் பார்த்திருக்கிறார். லாஸ்ட் நேம் பெட்டியில் தன் இனிஷியலைப் போட்டிருக்கிறார். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று ஃபார்ம் மறுத்துவிட்டது. டிக்கெட்டில் ‘யூசர் எரர்’ என்று குறித்திருந்தார்கள். அதை அழித்துவிட்டு நானே எடுத்துக்கொண்டேன். தன் பெயரை எழுதியவர் மேல் என்ன தவறு?

ஜூன் 4

ஆப்பின் புரோகிராம் கோடில் தேடினால் அந்த இரண்டெழுத்து விதிக்குக் காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. யாரோ எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. எங்கள் டீமில் பாதிப் பேர் இனிஷியல் வைத்தவர்கள். டோம்லூரில் உட்கார்ந்து நாங்கள் எழுதும் ஃபார்ம் எங்கள் வீட்டுப் பெரியவர்களின் பெயரையே ஏற்காது என்றால் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

டீ குடிக்கும்போது இதைச் சொன்னேன். கன்னட நண்பர் உடனே எச்.டி. தேவே கவுடாவை எடுத்துக்கொண்டார். ஹரதனஹள்ளி ஊர், தொட்டேகவுடா அப்பா. நான் எம்.எஸ். சுப்புலட்சுமியைச் சொன்னேன். மதுரை ஊர், சண்முகவடிவு அம்மா. கடைசியில் நிற்கும் சுப்புலட்சுமிதான் அவர் பெயர். எங்கள் ஃபார்முக்கு அது குடும்பப் பெயர்!

ஜூன் 7

ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வர முடியாது என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது ஊரில் எத்தனை வீட்டில் பதற்றம். இன்று அது நினைவுக்கு வர, பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கும் அந்த இரண்டு வரிகளின் விதியைப் படித்தேன். ஐசிஏஓ 9303 என்ற சர்வதேசத் தரம். ஒரு வரிக்கு 44 இடம், அதில் பெயருக்கு 39. ஒரே பெயர்தான் என்றால் அதை எழுதிவிட்டு மீதி இடத்தைக் குறிகளால் நிரப்பினால் போதும். உலகம் முழுக்க எல்லையில் மெஷின் படிக்கும் வரியிலேயே ஒற்றைப் பெயருக்கு இடம் இருக்கிறது. ஒரு வெப்சைட்டில் இடம் இல்லையாம்.

ஜூன் 8

அல்சூர் மார்க்கெட்டில் பழைய நண்பரைப் பார்த்தேன். ஒரு வங்கிக் கணக்கு தொடங்கும்போது இனிஷியலை விரிக்கச் சொன்னார்களாம். அப்பா பெயரை லாஸ்ட் நேமில் போட்டிருக்கிறார். அப்பா போன வருடம் தவறிவிட்டார். இப்போதும் அந்த வங்கியிலிருந்து வரும் ஒவ்வொரு மெசேஜும் அப்பா பெயரைச் சொல்லித்தான் வணக்கம் வைக்கிறது. பிறந்தநாள் வாழ்த்துகூட அப்படித்தான். அம்மா கண்ணில் படுவதற்குள் அழித்துவிடுவாராம்.

பெயரைத் தப்பாகக் கேட்டு வாங்கிய ஒரு பெட்டி ஒரு வீட்டுக்குள் போய் என்ன செய்கிறது பாருங்கள். ராத்திரி வரை மனசு கேட்கவில்லை.

ஜூன் 11

மீட்டிங். பான் கார்டே பெயரைப் பிரித்துத்தானே கேட்கிறது என்றார் பிராடக்ட் மேனேஜர். டெல்லிக்காரர், நல்ல மனுஷி. பான் விண்ணப்பத்தில் ஒற்றைப் பெயர்க்காரர்கள் அதை லாஸ்ட் நேமில் எழுதி முதல் பெட்டியைக் காலியாக விடலாம், ஆதாரில் பெயருக்கு ஒரே இடம்தான் என்று எடுத்துக் காட்டினேன். கூடவே, எங்கள் டேட்டாபேஸில் முருகன் முருகன் என்று ஒரே பெயரை இரண்டு தடவை எழுதியவர்கள், புள்ளி வைத்தவர்கள், எக்ஸ் போட்டவர்கள். அப்புறம் நண்பர் சொன்னதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அடுத்த ரிலீஸிலேயே மாற்றிவிடலாம் என்றார் அவர்.

ஜூன் 14

இனி முழுப்பெயர் ஒரு பெட்டி. உங்களை எப்படி அழைக்கலாம் என்று இன்னொன்று, அது கட்டாயம் இல்லை. ஓர் எழுத்தும் செல்லும், புள்ளியும் செல்லும்.

பழைய பதிவுகள்தான் சிரமம். லாஸ்ட் நேமில் இருப்பது அப்பாவா, கணவரா, ஊரா என்று எந்த கோடாலும் கண்டுபிடிக்க முடியாது. யூகித்து மாற்ற வேண்டாம், அடுத்த லாகினில் அவரவரையே கேட்போம் என்று முடிவு செய்தோம்.

கடன் தரும் பார்ட்னர் நிறுவனத்தின் ஏபிஐ (எங்கள் ஆப் அவர்கள் சிஸ்டத்துக்குத் தகவல் அனுப்பும் வழி) மட்டும் இன்னும் இரண்டாம் பெட்டி காலியாக இருந்தால் எரர் தருகிறது. புள்ளி வைத்து அனுப்பிவிடலாமே என்றான் ஜூனியர் பையன். வேண்டாம் என்றேன். திங்கட்கிழமை அவர்களோடு கான்ஃபரன்ஸ் கால் போட்டிருக்கிறேன்.