மீன் கணக்கிலிருந்து பாசிக் கணக்குக்கு

நான் மீன் பிடித்தவனும் இல்லை, விற்றவனும் இல்லை. கரைக்கு வருகிற மீனை எண்ணி எழுதுவதுதான் என் உத்தியோகம். மண்டபம் முகாமில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் களப்பணியாளனாகச் சேர்ந்து, அதிலேயே ஓய்வும் பெற்றேன். பல வருஷம் அந்த நிலையத்தின் தலைமையகமே மண்டபத்தில்தான் இருந்தது. 1971இல் அது கொச்சிக்குப் போய்விட்டது. கடல் இங்கேயேதான் இருந்தது, அதனால் எங்களைப் போன்றவர்களுக்கும் வேலை இருந்தது.

அந்த வேலையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் தெரியாது. இந்தியா முழுக்கப் பிடிபடும் கடல்மீன் இத்தனை லட்சம் டன் என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, ஒவ்வொரு படகையும் நிறுத்தி எடை போட்டு அந்த எண்ணை எடுப்பதில்லை. இன்ன மாதம் இன்ன நாள் இன்ன இறங்குதளம் என்று முன்கூட்டியே அட்டவணை வந்துவிடும். மதியம் பன்னிரண்டு மணிக்குக் கரையில் நிற்க வேண்டும், ஆறு வரைக்கும் பார்க்க வேண்டும். மறுநாள் காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை மறுபடியும். நடுவில் இரவு இறங்கியதை விசாரித்து எழுதிக்கொள்ள வேண்டும். 15 வள்ளத்துக்குள் வந்தால் எல்லாவற்றையும் பதிவோம். அதற்கு மேல் போனால் முறைப்படி சிலவற்றைப் பொறுக்கி எடுப்போம். காரல் மீன் எத்தனை கூடை, நகரை மீன் எத்தனை, சீலா எத்தனை, எந்த வலை, எத்தனை பேர் போனார்கள், எவ்வளவு நேரம் வலை கடலில் கிடந்தது என்று எல்லாம் அந்தத் தாளில் ஏறும்.

ஆரம்பத்தில் என்னைக் கண்டாலே கூடையை மூடுவார்கள். வரி போட வந்தவன் என்று நினைப்பு. பிறகு "மீன் கணக்கு சார்" ஆனேன். டீ வாங்கிக் கொடுத்தார்கள், கல்யாணப் பத்திரிகை வைத்தார்கள். ஆனாலும் ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குச் சரியாகப் பதில் வந்ததே இல்லை. "இம்புட்டு எழுதுறீகளே சார், இதுனால எங்களுக்கு என்ன?" மீன்பிடித் தடைக்காலத்தை எத்தனை நாள் வைப்பது, எந்த மீன் குறைகிறது, எங்கே அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கிறார்கள் என்பதையெல்லாம் இந்த எண்களை வைத்துத்தான் பார்க்கிறார்கள் என்று விளக்குவேன். அது உண்மைதான். ஆனால் 2017இல் தடைக்காலம் 45 நாளிலிருந்து 61 நாளானபோது, என்னிடம் கேட்டவர்கள் முகத்தில் அந்த உண்மை ஒன்றும் பெரிய ஆறுதலாகத் தெரியவில்லை.

அறுபதில் ஓய்வு. சால்வை, மாலை, சந்தனம், புகைப்படம். ஓய்வுக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று ஆளுக்கொரு யோசனை வேறு: தோட்டம் போடு, யோகா பழகு, கோயில் குளம் போ, பேரப்பிள்ளைகளோடு இரு. நம் ஊரில் ஓய்வு பெற்றவனுக்கு அறிவுரை சொல்ல ஒருவருக்கும் தகுதி தேவையில்லை. தோட்டம் போடச் சொன்னவர் பாம்பன் மண்ணைப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். பேரப்பிள்ளைகள் இருப்பது கோயம்புத்தூரில். என்னோடு வேலை பார்த்த ஒருவர் மகனோடு மதுரைக்குப் போனார். போனில் பேசும்போதெல்லாம் இங்கே இன்று என்ன காற்று என்றுதான் முதலில் கேட்பார்.

எனக்கும் நேரம் போகாமல் இல்லை. காலையில் நடை, பேப்பர், வங்கி, மருந்துக்கடை என்று நாள் நிரம்பிவிடும். நவம்பர் வந்தால் தபால்காரர் வீட்டுக்கே வந்து, 70 ரூபாய் வாங்கிக்கொண்டு, போனில் முகத்தைப் படம் பிடித்து நான் உயிரோடு இருப்பதைச் சரிபார்த்துவிட்டுப் போவார். குறையாக இருந்தது வேறு. நான் ஒருநாள் கரைக்குப் போகாவிட்டால் அதைக் கவனிக்க ஆள் இல்லை. சம்பளம் வாங்கிய நாட்களில் எரிச்சலாக இருந்த அந்த மேற்பார்வை, இல்லாமல் போனபிறகுதான் தேவையாகப்பட்டது.

கடற்கரையில் ஓய்வுக்கு வேறு இலக்கணம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், வர்ணம் அடிப்பார்கள், நிழலில் உட்கார்ந்து வலை பொத்துவார்கள். யாரும் அதை விடுமுறை என்று சொல்லிக் கேட்டதில்லை. தடைக்காலத்தில் வெறுமனே நடந்துகொண்டிருந்த ஆள் கரையில் நான் ஒருவன்தான்.

அப்படி ஒருநாள் பாம்பன் சின்னப்பாலம் பக்கம் போனபோது, கடல்பாசி எடுக்கிற பெண்கள் பாசியை மணலில் காயப்போட்டிருந்தார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி முங்கி, பாறையிலிருந்து பாசியைப் பறிக்கிற வேலை அது. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரல் கிழியாமல் இருக்கத் துணிச் சுற்று. மரிக்கொழுந்துப் பாசிக்குத்தான் நல்ல விலை; கட்டைக்கோரை, பக்கோடாப் பாசியெல்லாம் அதற்குக் கீழே. மாதத்தில் 12 நாள்தான் போவது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாசி மறுபடி வளர வேண்டுமே. அந்தச் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமி மூர்த்திக்குத்தான், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தருகிற சீகாலஜி விருது 2015இல் கிடைத்தது. மீனுக்கு எல்லை வகுக்க அரசாங்கம் ஆணை போட வேண்டியிருந்தது; இவர்கள் தாங்களாகவே வகுத்துக்கொண்டார்கள். எனக்கு இதில் இவர்கள் மேல் தனி மரியாதை.

அன்றைக்கு அங்கே ஒரு தகராறு. பாசி வாங்குகிற வியாபாரி, ஈரம் இருக்கிறது, மண் இருக்கிறது என்று சொல்லி எடையில் கழித்திருக்கிறார். ஏற்கெனவே வாங்கிய முன்பணம் வேறு. ஒரு பெண் என்னைப் பார்த்து, "ஊரு மீனையெல்லாம் எழுதுனீகளே சார், இதையும் ஒருக்கா எழுதிப் பாருங்களேன்" என்றார். கேலியாகத்தான் சொன்னார். நான் மறுநாளே நோட்டோடு போய்விட்டேன்.

பழகிய வேலைதான். எடுத்து வந்த அன்று ஈர எடை, காய்ந்தபின் எடை, எந்தப் பாசி, எத்தனை நாள் வெயில், இடையில் மழை உண்டா. எல்லார் சாக்கையும் நிறுத்துப் பார்க்க முடியாது, அதனால் பழையபடி சிலவற்றைப் பொறுக்கினேன். யாருடைய சாக்கை எடுப்பது என்பதில் மட்டும் சண்டை வந்தது. மீன்காரர்கள் தங்கள் வள்ளத்தை விட்டுவிடு என்பார்கள்; இவர்கள் என் சாக்கை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார்கள். இரண்டு மூன்று சுற்று எழுதியதும் ஒவ்வொரு பாசியும் இத்தனை வெயிலில் எவ்வளவு காயும் என்று ஒரு நிதானம் கிடைத்தது. அடுத்த முறை வியாபாரி "ஈரம்" என்றபோது, நோட்டைக் காட்டிப் பேசினார்கள். கழிவு நின்றுவிடவில்லை, குறைந்தது. விலை அவர் சொல்வதுதான், முன்பணமும் அப்படியே இருக்கிறது. வியாபாரி என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவருக்கும் மேலே மதுரையில் ஒருவர் ஈரம் என்று சொல்லிக் கழிக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும்.

முன்பு நான் எழுதிய எண் மண்டபம் போய், கொச்சி போய், அறிக்கையாகும்போது அந்த வள்ளத்துக்காரருக்கு அது தன் மீன் என்றே தெரியாது. இங்கே சாயங்காலமே கேட்கிறார்கள். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருந்தேன். எழுந்து போனதும், "எங்க போனீக? ரெண்டு சாக்கு எழுதாமலே போயிருச்சு" என்று ஒரு வாங்கு வாங்கினார்கள். பணிக்காலத்தில் மேலதிகாரியிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன், அப்போதெல்லாம் வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்காது. அன்றைக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டேன். "இதுக்கும் பென்ஷன் உண்டா?" என்று வீட்டில் கேட்டார்கள்.

இப்போது அந்தப் பெண்களில் ஒருவருடைய மகள் கூட வந்து எழுதுகிறாள், கல்லூரியில் படிக்கிற பெண். நோட்டே வேண்டாம், போனில் ஏற்றிவிடலாம், கூட்டலை அதுவே போட்டுக்கொள்ளும் என்கிறாள். 2025 மீனவர் கணக்கெடுப்பையே போன் செயலியில்தானே எடுத்தார்கள் என்று என்னையே மடக்குகிறாள். ஈரக் கையோடு போனைத் தொட முடியாது, தொட்டால் உப்புத்தண்ணீரில் செத்துப்போகும் என்பது என் கட்சி. முங்குகிற பெண்கள் என் பக்கம். அவள் அதற்கும் ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கி வந்திருக்கிறாள்.