உதவித்தொகைக் குறிப்புகள்

18 மே 2025, ஞாயிறு

இந்த வருடத்து விண்ணப்பங்களை இன்று உட்கார்ந்து வாசித்தேன். எல்லாம் கிராமத்துப் பெண் பிள்ளைகள், பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள். 'படிப்பைத் தொடர உனக்கு எது தடையாக இருக்கிறது?' என்று ஒரு கேள்வி வைத்திருந்தோம். பள்ளிக் கட்டணம் என்று எழுதியவர்கள் குறைவு. பஸ் செலவு, நோட்டு, பரீட்சைக் கட்டணம், நாப்கின் இல்லாததால் மாதாமாதம் லீவு போடுவது, அம்மா வேலைக்குப் போய்விட்டால் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது, இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒரு பிள்ளை முதலில் 'செருப்பு' என்று எழுதி, ரப்பரால் அழித்துவிட்டு அதன் மேலேயே 'புத்தகம்' என்று எழுதியிருக்கிறாள். பென்சிலை அழுத்தி எழுதியதால் பழைய எழுத்து அப்படியே தெரிகிறது. செருப்பெல்லாம் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று பயந்திருப்பாள் போல. எட்டாவது முடித்தவள், இனி உயர்நிலைப் பள்ளிக்குத் தினமும் வெகுதூரம் நடக்க வேண்டும். அவளுக்குச் செருப்புதான் முதல் தேவை.

21 மே, புதன்

கூட்டத்தில் நல்ல வாக்குவாதம். இருக்கிற பணத்தில் கட்டணம் மட்டும் கட்டினால் இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாமே என்றார் ஒருவர். நியாயமாகத்தான் கேட்டார், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. கட்டணம் கட்டிய பிறகும் பஸ்ஸுக்குக் காசில்லாமல் நின்றுவிடுகிற பிள்ளைக்கு நாம் என்ன செய்துவிட்டோம்?

ஆப்பிரிக்காவில் பெண் பிள்ளைகளின் படிப்புக்கு உதவுகிற காம்ஃபெட் அமைப்பை எடுத்துச் சொன்னேன். 1993-ல் ஜிம்பாப்வேயில் 32 பெண்களோடு தொடங்கினார்கள். கட்டணத்தோடு நிற்காமல் சீருடை, காலணி, நோட்டு, நாப்கின் வரை ஒரு பிள்ளைக்குத் தேவையானதைச் சேர்த்துக் கொடுத்தார்கள், அப்புறம்தான் மற்ற நாடுகளுக்கும் போனார்கள். வங்கதேசத்திலும் 1994 முதல் கிராமப்புற மாணவிகளுக்கான உதவித்தொகை நாடு முழுவதும் வந்தபோது, பள்ளிக்குக் கட்டணம் தனியாகப் போனது, மாணவிக்கென்று ஒரு தொகை அவள் பேரிலேயே வங்கிக் கணக்கில் விழுந்தது. 75 சதவீத வருகை வேண்டும், மேல்நிலைக்கு முந்தைய பொதுத்தேர்வு முடியும்வரை கல்யாணம் கூடாது என்று நிபந்தனை. அந்தக் கடைசி நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் வரன் வந்து நிற்கும்போது 'இப்போ முடியாதுங்க, உதவித்தொகை நின்னுடும்' என்று சொல்ல அப்பாவுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது, யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை.

கடைசியில் எண்ணிக்கையைக் குறைத்து முழுச் செலவையும் ஏற்பது என்று முடிவானது. செருப்பும் பட்டியலில் சேர்ந்தது.

27 மே, செவ்வாய்

ஒரு மாணவியின் வீட்டுக்குப் போயிருந்தோம். பத்தாவதில் நல்ல மார்க். அவளுடைய அம்மா எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டார்: "படிக்க வைக்கிறேன்னு சொல்றீங்க, சரி. நடுவுல விட்டுட்டுப் போயிட்டீங்கன்னா நாங்க என்ன பண்றது?"

இதைவிடச் சரியான கேள்வியை எந்தக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. பிள்ளையை வேலைக்கு அனுப்பினால் வருகிற கூலியை விட்டுக்கொடுத்து, சொந்தக்காரர்களின் பேச்சையும் தாங்கிக்கொண்டு படிக்க அனுப்புகிறார்கள். இரண்டாம் வருடத்தில் கொடையாளி மனம் மாறினால் நஷ்டம் கொடையாளிக்கு இல்லை. பாதிப் படிப்போடு வீட்டில் உட்காருவது அந்தப் பிள்ளைதான், அப்புறம் அந்த ஊரில் அடுத்த பெண்ணைப் படிக்க அனுப்பச் சொல்லி யாரிடம் போய்ப் பேச முடியும்? பிள்ளைகள் அதிகம் நழுவிப் போவதும் வகுப்புக்கு நடுவில் இல்லை, எட்டாவது முடிந்து ஒன்பதாவது, பத்து முடிந்து பதினொன்று, பள்ளி முடிந்து கல்லூரி, இந்த மாறுகிற இடங்களில்தான். பழைய உதவி முடிந்து புதியது வருவதற்குள் இரண்டு மாதம் இடைவெளி விழுந்தால் போதும், சேர்க்கைத் தேதி போய்விடும்.

ஒரு பிள்ளையை எடுத்தால் பள்ளி முடியும்வரைக்கான தொகையை முதலிலேயே ஒதுக்கி வைக்கிறோம், அதை எழுத்தில் தருகிறோம் என்று சொன்னேன். "எழுதிக் குடுங்க, பாப்போம்" என்றார். இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை, வரவேண்டிய அவசியமும் இல்லை.

2 ஜூன், திங்கள்

கொடையாளி ஒருவர் 'இதெல்லாம் உண்மையில் பலன் தருகிறதா?' என்று கேட்டிருந்தார். கானாவில் நடந்த ஆய்வைப் பற்றி எழுதி அனுப்பினேன். மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தும் பணமில்லாமல் சேர முடியாத 2,064 கிராமத்துப் பிள்ளைகளில், 2008-ல் குலுக்கல் முறையில் 682 பேருக்கு உதவித்தொகை கிடைத்தது. பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்ளோவின் குழுவினர் இரு தரப்பையும் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். உதவி கிடைத்த பெண்கள் கூடுதலாகப் படித்தார்கள், தாய்மையைத் தள்ளிப்போட்டார்கள், பின்னாளில் அவர்களுடைய குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும் மேம்பட்டிருந்தது. குலுக்கல் என்பதால், கெட்டிக்காரப் பிள்ளைகள் எப்படியும் முன்னேறியிருப்பார்கள் என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

9 ஜூன், திங்கள்

முன்பு எங்கள் உதவியில் படித்து இப்போது நர்ஸாக இருக்கிறவள், விடுதிக்குப் போகும் புதுப் பிள்ளைகளோடு போனில் பேசினாள். "முதல் மாசம் அழுகை வரும். அழு, ஆனா பையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடாத. எனக்கு போன் பண்ணு" என்றாள். நான் சொன்னால் அறிவுரை, அவள் சொன்னால் அந்தப் பிள்ளைகள் அப்படியே நம்புகிறார்கள். மாதம் ஒருமுறையாவது இப்படிப் பேச அவளுக்கு நேரம் இருக்குமா என்று கேட்டேன், வாராவாரமே பேசுகிறேன் அக்கா என்றாள். அவளுடைய போன் ரீசார்ஜையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் கல்லூரி போகிறவர்களின் விடுதிக் கட்டணத்தைக் கட்டியாக வேண்டும். நாளைக் காலையில் முதல் வேலை வங்கிதான்.