பதிவேட்டில் பெயர் இருக்கிறது: லெந்து நாட்களின் குறிப்புகள்

மார்ச் 5, 2025, சாம்பல் புதன்

இந்த லெந்துக்கு, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கு, ஒரே கேள்விதான். சபையில் இருப்பதும் கிறிஸ்துவுக்குள் இருப்பதும் எந்த இடத்தில் பிரிகின்றன? தினமும் எழுதப்போவதில்லை. எழுதுகிற அன்று தேதி போடுகிறேன்.

முதலில் சபைப் பதிவேடு. பிறந்த தேதி, ஞானஸ்நானம், திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்தபின் தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடுவது), திருமணம், கடைசியில் அடக்கம். எல்லாமே பிறர் கண்ணெதிரே நடந்தவை. அதனால்தான் அவற்றை எழுதிவைக்க முடிந்தது. சபைக் கூட்டத்தில் யாருக்கு ஓட்டு, யாருடைய பெயரை எந்தப் பொறுப்புக்கு முன்மொழியலாம் என்பதற்கெல்லாம் அது போதும். ஒருவர் உள்ளத்தில் என்ன நடந்தது என்று அதனிடம் கேட்டால்தான் சிக்கல். சர்தை சபைக்கு வந்த செய்தி, "நீ உயிருள்ளவனென்று பெயர்கொண்டிருந்தும் செத்தவனாயிருக்கிறாய்" என்பது (வெளி. 3:1). மூன்று வசனம் தள்ளிப் பார்த்தால், அதே சபையில் வஸ்திரத்தை அசுசிப்படுத்தாத சிலபேர் இருப்பதாகவும் வருகிறது. இரண்டு வகையும் ஒரே பட்டியலில்தான் இருந்திருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

மத்தேயு 7:22-ஐ மெதுவாக வாசித்தால் ஒன்று உறைக்கும். "கர்த்தாவே! கர்த்தாவே!" என்று வந்து நிற்பவர்கள் தங்களுக்குச் சாதகமாகச் சொல்வது தீர்க்கதரிசனம், பிசாசுகளைத் துரத்தியது, அற்புதங்கள் ஆகிய மூன்றை. ஞாயிறு தவறாமல் வந்தோம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அத்தனை பெரிய சான்றுகளுக்கே "ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்ற பதில் கிடைக்கிறது. நாம் வழக்கமாக நம்பிக்கொண்டிருப்பவையோ அவற்றைவிடச் சின்னவை.

வருகையை எடுத்துக்கொள்ளுங்கள். பழக்கமும் வீட்டாரின் வற்புறுத்தலும் நண்பர் கூட்டமுமே ஒருவரை வாராவாரம் கூட்டிவந்துவிடும். காணிக்கை? அனனியா நிலத்தை விற்று ஒரு பங்கைக் கொண்டுவந்து அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்தான். அவன் செத்தது அது முழுத்தொகை என்று காட்டிக்கொண்ட பொய்யால். வேத அறிவு? வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்த பிசாசு 91ஆம் சங்கீதத்தையே எடுத்துச் சொன்னான். கண்ணீர்? ஏசா கண்ணீர்விட்டுத்தான் தேடினான், மனம் மாறுதல் கிடைக்கவில்லை (எபி. 12:17).

இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஆலயத்துக்குப் போகாமல் வீட்டில் இருப்பதையே ஆழ்ந்த விசுவாசத்தின் அடையாளமாக்குவார்கள். சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்ற எபிரெயர் 10:25 அவர்களுக்கும் சேர்த்துத்தான். பதிவேட்டில் பெயர் இருப்பது விசுவாசத்தைக் காட்டாது என்றால், பெயர் இல்லாததும் காட்டாதுதானே.

மார்ச் 13, வியாழன்

சீர்திருத்த கால இறையியலாளர்கள் விசுவாசத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: அறிவது, அது உண்மையென்று ஒப்புக்கொள்வது, அதன்மேல் சார்ந்துகொள்வது. 1563-இல் வந்த ஹைடெல்பர்க் வினாவிடையின் 21ஆம் கேள்வியும், வெறும் அறிவோடு நிற்காமல் "எனக்கும்" மன்னிப்பு அருளப்பட்டது என்ற உறுதியான நம்பிக்கையைச் சேர்த்துச் சொல்கிறது. திடப்படுத்தல் வகுப்பில் முதலாவதைச் சோதிப்பது சுலபம். விசுவாசப் பிரமாணத்தை ஒப்பிக்கச் சொன்னால் போதும். இரண்டாவதற்கு "ஆம், நம்புகிறேன்" என்ற வாய்ச்சொல். மூன்றாவதற்குக் கேள்வித்தாள் கிடையாது. யாக்கோபு 2:19 நினைவிருக்கட்டும்: "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன." முதல் இரண்டும் அவற்றிடம் குறைவில்லாமல் இருக்கின்றன.

மார்ச் 16, ஞாயிறு

சமாரியாவின் சீமோன். அப்போஸ்தலர் 8:13-இன்படி அவன் விசுவாசித்தான், ஞானஸ்நானம் பெற்றான், பிலிப்பைவிட்டு நகரவேயில்லை. எந்தச் சபையும் மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொள்ளும் ஆள். ஐந்து வசனம் கழித்து, பரிசுத்த ஆவியைக் கொடுக்கும் அதிகாரத்தை வாங்கப் பணத்தோடு நிற்கிறான். பேதுரு கண்டித்ததும் அவன் சொன்ன பதிலைக் கவனிக்க வேண்டும்: நீங்கள் சொன்னவற்றில் ஒன்றும் எனக்கு நேரிடாதபடி வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறான் (8:24). பேதுரு அவனையே மனந்திரும்பி ஜெபிக்கச் சொன்னார். அவன் அதை அவரிடமே திருப்பித் தள்ளினான். செய்ததைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. தண்டனை வரக்கூடாது என்பது மட்டுமே அவன் கவலை.

மார்ச் 22, சனி

சீமோனை எழுதிய பிறகு இது தெளிவாகிறது: போலி செய்யக் கடினமானது மனந்திரும்புதல்தான். அதிலும், கையும்களவுமாகப் பிடிபட்ட பிறகு வருவது.

சவுல் ராஜாவை எடுத்துக்கொள்ளலாம். "நான் பாவஞ்செய்தேன்" என்ற சொல் அவன் வாயில் வந்தது. கூடவே, மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்ற வேண்டுகோளும் வந்தது (1 சாமு. 15:30). பாவ அறிக்கையோடு ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. பதவி போகக்கூடாது, வெளியே தெரியக்கூடாது, சீக்கிரம் மறந்துவிட வேண்டும்: இவற்றில் ஒன்று கூடவே வந்தால் அது பெரும்பாலும் பேரம்.

எதிர்ப்புறம் வரிவசூலிப்பவனான சகேயு. இங்கே கணக்கு முக்கியம். குற்றத்தை அறிக்கையிட்டவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது நியாயப்பிரமாணம் (எண். 5:7). 100 ஏமாற்றியவன் 120 கொடுத்தால் தீர்ந்தது. நாலத்தனை என்பது ஆட்டைத் திருடி விற்றவனுக்கோ அடித்தவனுக்கோ உரிய தண்டனை (யாத். 22:1). சகேயு யாரும் வழக்குப் போடாமலே தன்னை ஆட்டுத் திருடனின் வரிசையில் நிறுத்தி, 100-க்கு 400 என்றான். அதற்கு முன்பே ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்குப் போய்விட்டது. இரட்சிப்பை விலைக்கு வாங்க அவன் இதைச் செய்யவில்லை. இயேசு அவன் வீட்டுக்கு வர முடிவுசெய்தது முந்தி, கணக்கு பிந்தி.

பவுல் 2 கொரிந்தியர் 7:10-இல் தேவனுக்கேற்ற துக்கத்தையும் லௌகிக துக்கத்தையும் பிரிக்கிறார். அடுத்த வசனத்தில் முதலாவதின் விளைவுகளாக ஏழு அடுக்குகிறார்: ஜாக்கிரதை, நியாயஞ்சொல்லுதல், வெறுப்பு, பயம், ஆவல், வைராக்கியம், ஆக்கினை. எத்தனை நாள் அழுதார்கள் என்பது அதில் இல்லை. துக்கத்தின் அளவை விட்டுவிட்டு, அது ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று பார்க்கிறார்.

நடைமுறையில் மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். "உங்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்பதில் செய்தவரே இல்லை. "இந்தத் தேதியில் இதைச் சொன்னேன், அது பொய், இன்னாரிடம் போய்த் திருத்துகிறேன்" என்பதில் செய்தவர், செயல், சரிசெய்தல் மூன்றும் இருக்கின்றன. விழுந்தானா இல்லையா என்பதை வைத்து ஆளை எடைபோட்டால் பேதுருவும் யூதாசும் ஒரே இரவில் விழுந்தவர்கள்தான்.

மார்ச் 29, சனி

காலாவதியாகும் அங்கத்துவம் பற்றி. 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், ஜான் வெஸ்லி தொடங்கிய மெதடிஸ்டு இயக்கத்தின் கூடத்துக்குக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி. பதினோரு பேரிடம் வசூலிக்க ஒருவர். கொடுக்க முடியாதவருக்காக அவரே போட்டுவிடுவார். இப்படி வீடு வீடாகப் போனவர்கள், இன்னின்னார் நடக்க வேண்டிய விதமாக நடப்பதில்லை என்ற செய்தியோடு திரும்பினார்கள். பண வசூலுக்கு வைத்த ஏற்பாடு ஆத்துமாவை விசாரிக்கும் வகுப்பாக மாறியது இப்படித்தான். அங்கத்தினருக்குச் சீட்டு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நடக்கை சரியில்லாதவருக்கு அடுத்த சீட்டு கிடைக்காது.

சேரும்போது கேட்டது ஒன்றே: வரப்போகும் கோபத்துக்குத் தப்ப வேண்டும், பாவங்களிலிருந்து இரட்சிக்கப்பட வேண்டும் என்ற ஆசை. அதில் நீடிப்பதற்கோ அந்த ஆசை வாழ்க்கையில் தெரிய வேண்டும். நம்மிடையே பல இடங்களில் சேர்வதற்கு வகுப்பும் நேர்காணலும் வைத்திருக்கிறோம். சேர்ந்த பிறகு யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

நேர்காணல் கேள்விகள். "இயேசுவை ஏற்றுக்கொண்டாயா?" என்றால் "ஆம்" தவிர வேறு பதில் வராது. இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்:

தேவன் உங்களை ஏன் ஏற்க வேண்டும்? பதிலில் எழுவாய் யார் என்று கவனியுங்கள். "நான் ஜெபிக்கிறேன், நான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை" என்று போகிறதா, "அவர்" என்று தொடங்குகிறதா?

கடைசியாக யாரிடம், எதற்காக, என்ன வார்த்தையில் மன்னிப்புக் கேட்டீர்கள்? (பெயர் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.)

உங்களுக்குப் பிடிக்காத எந்தக் கட்டளைக்கு இப்போது கீழ்ப்படிய முயல்கிறீர்கள்? பிடித்த கட்டளைகளுக்கு எல்லாரும் கீழ்ப்படிவார்கள்.

வழக்கமாகக் கெட்டுப்போகும் இடம்: இந்தக் கேள்விகள் இரண்டு வருடத்தில் ஊருக்கே தெரிந்து, மனப்பாட விடைகள் வந்துவிடும். அதற்கு மருந்து புதுக் கேள்விகளைத் தேடுவதல்ல, காலம் எடுத்துக்கொள்வது. இயேசுவின் உவமையில், கற்பாறை நிலத்தில் விழுந்து பிறகு உலர்ந்துபோன விதைதான் உடனே, சந்தோஷத்தோடு முளைத்தது. கூட்டத்தில் கைதூக்கிய மறுவாரமே மேடையில் சாட்சி சொல்லவைப்பது அந்த ஆளுக்கே கேடு. பவுலின் உடன்வேலையாள் தேமாவின் பெயர் நிருபங்களில் மூன்றுமுறை வருகிறது. இரண்டில் லூக்காவோடு சேர்ந்து வாழ்த்துப் பட்டியலில், மூன்றாவதில் இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்துப் பிரிந்துபோனவனாக.

ஏப்ரல் 8, செவ்வாய்

மேலே சொன்ன சோதனைகளில் எப்போதும் தோற்கக்கூடாதவர்களே தோற்பார்கள். மனசாட்சி கூர்மையானவர் எல்லாவற்றுக்கும் "எனக்கு நிச்சயமில்லை" என்பார். மனசாட்சி மரத்துப்போனவர் எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வாங்குவார். 1646-இன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 18ஆம் அதிகாரம் இரண்டு பக்கத்தையும் பார்த்திருக்கிறது: மாய்மாலக்காரர் வீண் நம்பிக்கையால் தங்களை ஏமாற்றிக்கொள்ளலாம், மெய்யான விசுவாசி தன் இரட்சிப்பைப் பற்றிய நிச்சயம் கிடைக்க நெடுங்காலம் காத்திருக்க நேரலாம். நிச்சயம் வேறு, விசுவாசம் வேறு. மனச்சோர்வில் இருப்பவர் கையில் சுயபரிசோதனைப் பட்டியலைக் கொடுக்காதீர்கள். அவருக்கு முதலில் கூட உட்கார ஒரு ஆளும், தேவைப்பட்டால் மருத்துவரும் வேண்டும்.

இரட்சிக்கப்பட்ட தேதியைக் கேட்பதும் வேண்டாம். தீமோத்தேயு சிறுவயதுமுதல் வேத எழுத்துக்களை அறிந்தவன். பாட்டியிடமும் தாயிடமும் நிலைத்திருந்த விசுவாசம் அவனிடமும் இருந்தது. தேதி எங்கும் இல்லை.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

இயேசு சொன்ன கோதுமையும் களையும் உவமை. அந்தக் களை, கதிர் வரும்வரை கோதுமை போலவே தோன்றும் ஒரு புல் என்பது பொதுவான கருத்து. பிடுங்கினால் கோதுமையும் வேரோடு வரும் என்பதால்தான் அறுப்புவரை விடச் சொன்னார். இதைக் காட்டி, சபையில் யாரையும் எதுவும் கேட்கக்கூடாது என்பார்கள். ஆனால் "நிலம் உலகம்" என்று அவரே விளக்கியிருக்கிறார் (மத். 13:38). பாவம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாக, பிறகு இரண்டொருவரோடு, பிறகு சபையில் என்ற மூன்று படிகளும் அதே மத்தேயுவில், 18-இல் இருக்கின்றன. உள்ளத்தைத் தீர்ப்பிட நமக்கு அதிகாரமில்லை. வெளியரங்கமான நடக்கையைக் கேட்காமல் இருக்கவும் அனுமதியில்லை.

கேட்டால் விலை உண்டு. அமெரிக்காவின் நார்த்தாம்ப்டன் சபையில், பிரசங்கியார் ஜோனத்தன் எட்வர்ட்ஸின் தாத்தா, மனமாற்றத்தைப் பற்றிச் சொல்ல முடியாதவர்களுக்கும் திருவிருந்தைத் திறந்துவைத்திருந்தார். பேரன் நம்பத்தக்க விசுவாச அறிக்கை வேண்டும் என்றார். 1750-இல் சபை அவரை வெளியேற்றியது.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

இன்றிரவு திருவிருந்து. "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து" என்கிறது 1 கொரிந்தியர் 11:28. சோதிக்க வேண்டியது தன்னைத்தானே. பக்கத்து இருக்கைக்காரரை அல்ல. சோதித்தபின் விலகி நிற்கச் சொல்லவில்லை, புசிக்கச் சொல்கிறது. குறை கண்டுபிடித்ததும் பந்தியைவிட்டு எழுந்துபோவதைப் பணிவு என்று நினைக்கிறோம். அதற்குள் தகுதியோடு வர வேண்டும் என்ற பழைய "நான்" ஒளிந்திருக்கலாம்.

மத்தேயு 5:24 சொல்வதைச் செய்ய இன்னும் நேரம் இருக்கிறது. முதலில் போய் ஒப்புரவாக வேண்டிய ஆள் தூரத்தில் இருந்தால் தொலைபேசி. எடுக்கவில்லையென்றால் நான்கு வரிக் கடிதம்: என்ன செய்தேன், எப்போது, அது தவறு, எதைத் திருப்பித் தருகிறேன். உறையில் போட்டு முகவரி எழுதிவிட்டு ஆராதனைக்குக் கிளம்பலாம்.